வர்ஜீனியாவில் ஓட்டிய வேகம், டெக்சஸில் கேட்ட துப்பாக்கி லைசென்ஸ்

2024 ஆகஸ்ட் 24, சனி

இன்றைக்கு லைசென்ஸ் வகுப்பு. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயது ஆகி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு எதுக்குங்க இந்த மெனக்கெடல் என்று வீட்டில் மனைவி கேட்டாள். பையனைப் பள்ளியில் விடும் வழிதான் காரணம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்திய சட்டம், அந்த மாநிலத்து லைசென்ஸ் உள்ளவரை விட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். தினமும் காலையில் அது ஆகிற காரியமா?

சுடும் தேர்வில் 50 ரவுண்டு, 3, 7, 15 கெஜத்திலிருந்து. 250க்கு 175 எடுத்தால் பாஸ். 3 கெஜத்தில் எல்லாம் நெஞ்சிலேயே விழுந்தது, 15 கெஜம் போனதும் அட்டை மனிதனின் தோள்பட்டையோடு சரி. பக்கத்து ஆள் சுட்ட காலி உறை ஒன்று கொதிக்கக் கொதிக்க என் சட்டைக் காலருக்குள் விழுந்தது, துப்பாக்கி கையில் இருப்பதால் உதறவும் முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் அதைக் கீழே வைத்தேன். எப்படியோ பாஸ்.

ஆகஸ்ட் 25

வகுப்பு முடிவில் பயிற்சியாளர், வேறு மாநிலத்தில் பழைய கேஸ் இருந்தால் இப்போதே பாருங்கள் என்றார். எனக்கு ஒன்று இருக்கிறது. 2019இல் வர்ஜீனியாவின் ஐ-81 நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் போக வேண்டிய இடத்தில் 82. அப்போது அங்கே 80ஐத் தாண்டினாலே ரெக்லஸ் டிரைவிங் (கண்மண் தெரியாமல் ஓட்டுவது), சிறு குற்றங்களில் மிகக் கடுமையான கிளாஸ் 1 மிஸ்டிமீனர், 12 மாதம் வரை சிறை கொடுக்கலாம். எனக்கு அபராதத்தோடு முடிந்தது. 2020 ஜூலையில் அந்த வரம்பை 85 ஆக்கிவிட்டார்கள், அதாவது இன்றைக்கு அதே 82 வெறும் ஸ்பீடிங் டிக்கெட்!

டெக்சஸில் ஸ்பீடிங் என்பது சிறு குற்றங்களின் கடைசிப் படியான கிளாஸ் சி, அபராதம் மட்டும். ஆனால் லைசென்ஸ் சட்டம் வெளிமாநில வழக்கை வேறு கண்ணால் பார்க்கிறது: பெரிய குற்றமாக இல்லாமல், சிறை கொடுக்க வழியிருந்தாலே அது சிறு குற்றங்களின் மேல்படியான கிளாஸ் ஏ. நான் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை என்பது கணக்கிலேயே வராது. கிளாஸ் ஏ, பி தண்டனை என்றால் விண்ணப்பத் தேதிக்கு முன் ஐந்து வருடம் கழிந்திருக்க வேண்டும். என் தீர்ப்புத் தேதி 2019 அக்டோபர் 30. (மனைவியை அடித்த வழக்கில் தண்டனை என்றால் இந்த ஐந்து வருடக் கதை உதவாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996இல் வந்த மத்திய தடை பொதுவாக ஆயுளுக்கும்.)

செப்டம்பர் 8

நண்பன் சொல்கிறான், உன்னிடம் அன்றைக்குக் கைரேகையே எடுக்கவில்லையே மச்சி, எழுதாமல் விடு, யாருக்குத் தெரியும் என்று. முக்கியமான தகவலை மறைத்தால் அந்த ஒரு காரணமே லைசென்ஸை மறுக்கப் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தானாகக் காலாவதியாகப்போகிற ஒரு விஷயத்துக்காகப் பொய் எழுதுவது வடிகட்டின முட்டாள்தனம். காத்திருக்கிறேன்.

நவம்பர் 2

விண்ணப்பித்தாயிற்று. கட்டணம் 40 டாலர், 2017க்கு முன்னால் 140. வர்ஜீனியா கேஸை ஒளிக்காமல் எழுதி, கோர்ட்டிலிருந்து வாங்கிய முத்திரை வைத்த தீர்ப்பு நகலையும் சேர்த்தேன். அந்த நகலில் என் பெயரில் ஒரு எழுத்து குறைவு, தமிழ்ப் பெயருக்கு இது சகஜம். கைரேகைக்கு அடுத்த வாரம்.

2025 ஜனவரி 9

லைசென்ஸ் வந்துவிட்டது. ஆபீஸில் எச்1பி வேலை விசாவில் இருக்கும் பையன், அண்ணா, நானும் அப்ளை பண்ணலாமா என்றான். அந்த விசாவில் வேட்டை லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய குற்றம்டா, கிரீன் கார்டு வரட்டும் என்றேன். "அதுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியாதுண்ணா" என்கிறான்.