கேள்வியின் கடைசிச் சொல்

போன ஞாயிறு காலை ஆறரை மணி வகுப்புக்கு ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பெரிய துணிக்கடைப் பை. அதை வாங்கில் கவிழ்த்தார். உயர்தரப் பரீட்சையின் பதினைந்து வருடத்துப் பௌதிகவியல் கடந்தகாலத் தாள்கள், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைத் தாள்கள், மூன்று நான்கு ரியூசன்களின் மாதிரித் தாள்கள், யாரோ ஓர் அண்ணாவிடம் வாங்கிய போட்டோக்கொப்பிக் கட்டு. "எல்லாம் செய்து முடிச்சிட்டான் சேர். இனி என்ன தாள் குடுக்கலாம் எண்டு சொல்லுங்கோ" என்றார். மகன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். நித்திரை காணாத கண்கள்.

அந்தத் தாயில் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. கோண்டாவிலிலிருந்து கொக்குவிலுக்கு விடியற்காலையில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். அந்தப் பைக்குள் எவ்வளவு காசு, எவ்வளவு அலைச்சல் என்று எனக்குத் தெரியும். ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். ஐம்பது பல்தேர்வு வினாக்கள். சரியானவற்றுக்குப் பச்சைச் சரி. பிழைத்தவற்றுக்குச் சிவப்புப் புள்ளடி, பக்கத்தில் சரியான விடையின் இலக்கம். 3 என்று போட்ட இடத்தில் 5 என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அந்த 3 ஏன் வந்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அடுத்த தாளும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும் அப்படித்தான்.

"தம்பி, இதில பதினேழாம் கேள்வி ஏன் பிழைச்சது?" என்று கேட்டேன். "கவனயீனம் சேர்" என்றான்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடமிருந்து நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். கவனயீனம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வேறு வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இன்னும் ஐம்பது தாள் செய்தாலும் அதே பிழைகள்தான் திரும்ப வரும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடமிருந்து.

அவர் தீவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. முதல் தடவை பெறுபேறு போதாமல் இரண்டாம் தடவைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். கடந்தகாலத் தாள் எதைக் கொடுத்தாலும் 45, 46 எடுப்பார். எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் ஒரு நாள் அதே வினாக்களை எண்களையும் ஒழுங்கையும் மாற்றி, "பெரியது" என்ற இடத்தில் "சிறியது" என்று போட்டு, புதிய தாளாகக் கொடுத்தேன். 27 தான் வந்தது. பிள்ளை அழுதுவிட்டார். "எனக்கு இது எல்லாம் தெரியும் சேர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையிலேயே தெரியும். வெண்பலகையில் நிறுத்திக் கேட்டால் அழகாக விளக்குவார்.

அன்று வகுப்பு முடிந்த பிறகு இருவரும் இருந்து அந்த 23 பிழைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாடமே விளங்காமல் விட்டவை 5. கணக்கிலும் அலகிலும் பிசகியவை 4. நேரமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டவை 3. மிச்சம் 11. அந்தப் பதினொன்றிலும் அவர் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. கேட்டது ஒன்று, பதில் சொன்னது இன்னொன்றுக்கு.

அந்தப் பதினொன்று என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளையல்ல. தமிழில் திறமைச் சித்தி. பிறகுதான் மெல்ல விளங்கியது. எங்கள் மொழியில் முடிவு கடைசியில் வரும். செய்கிறதா செய்யவில்லையா, உண்மையா உண்மையல்லவா என்பதை வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் சொல்லும். ஒரு உதாரணம், நானே எழுதியது:

"ஒப்பமான கிடைத்தளமொன்றின் மீது ஓய்விலுள்ள இரண்டு கிலோகிராம் திணிவுடைய குற்றியொன்றின் மீது மாறா விசையொன்று கிடையாகத் தாக்கி, மூன்று செக்கனின் பின் அகற்றப்படுகிறது. விசை அகற்றப்பட்ட பின்னர் குற்றியின் இயக்கம் தொடர்பான பின்வரும் கூற்றுகளில் எது உண்மையன்று?"

அவசரத்தில் வாசிக்கிற பிள்ளைக்குக் குற்றி, தளம், விசை, மூன்று செக்கன் என்றவுடனேயே மனதில் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கண் விடைகளுக்குத் தாவும். முதலாவது விடை "குற்றி மாறா வேகத்துடன் இயங்கும்". உண்மைதானே! உடனே புள்ளடி. "அன்று" என்ற ஒரு சிறு ஒட்டு அப்படியே தப்பிவிட்டது. "பின்னர்" என்ற சொல்லைத் தவற விட்டவர் ஆர்முடுகலைக் கணித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் நியூட்டனின் விதிகள் நன்றாகத் தெரியும்.

ஆகவே இப்போது என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசி. கடைசிச் சொல்லின் கீழ் கோடு போடு. பிறகு தலைப்பிலிருந்து தொடங்கு. ஆரம்பத்தில் பிள்ளைகள் சிணுங்குவார்கள். ஒரு மாதத்தில் கை தானாகப் போகும்.

அடுத்தது பெயரடைகள். பௌதிகவியல் தாளில் அலங்காரத்துக்கு ஒரு சொல்லும் கிடையாது. "இலேசான" என்றால் இழையின் திணிவை விட்டுவிடலாம். "நீட்டமுடியாத" என்றால் இரு முனையிலுள்ள திணிவுகளுக்கும் ஆர்முடுகலின் பருமன் ஒன்றே. கப்பி இலேசானதாகவும் ஒப்பமானதாகவும், அதாவது உராய்வு இல்லாததாகவும், இருந்தால் இரண்டு பக்க இழுவையும் சமன். மூன்று சொல், மூன்று தரவு. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது கீச்சிடுகிற கப்பியை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அது கரடான கப்பி, அதில் இரண்டு பக்கக் கயிற்றின் இழுவையும் ஒன்றல்ல. இதைச் சொன்ன பிறகு "ஒப்பமான" என்ற சொல்லைத் தாண்டிப் போகிற பிள்ளை குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணிப்பான் கொண்டுபோக முடியாது. புவியீர்ப்பை 10 என்று எடுக்கும்படி தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். எண்கள் கையால் செய்து முடிக்கக் கூடியவையாகவே இருக்கும். விடை நெளிந்து வளைந்து தசமத்தில் போய் நின்றால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை கேள்வியில் ஒரு சொல்லை விட்டிருப்பீர்கள். கணக்கைத் திரும்பச் செய்ய முதல் கேள்வியைத் திரும்ப வாசியுங்கள்.

நேரம் பற்றி நான் அதிகம் பயமுறுத்துவதில்லை. முதற்பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு 50 வினா, ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் 24 செக்கனும். பழைய பாடத்திட்டத் தாள்களில் அதே நேரத்துக்கு 60 வினாக்கள் இருந்தன, அவற்றில் பயிற்சி செய்கிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகையால் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது விடைத்தாளில் ஒரு வரி பிசகினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிசகும். பத்துக்கு ஒரு தடவை வினா இலக்கத்தையும் விடைத்தாள் இலக்கத்தையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். இரண்டாம் பத்திரத்துக்குக் கிடைக்கிற பத்து நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில் பேனையைக் கீழே வையுங்கள். அது வாசிக்கத் தந்த நேரம்.

பெற்றோர் பெரும்பாலும் என்னிடம் கேட்பது இசட் புள்ளி பற்றித்தான். இங்கே மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ தனி நுழைவுத் தேர்வு கிடையாது. உயர்தரப் பரீட்சைதான் பாடசாலையின் முடிவும் பல்கலைக்கழகத்தின் வாசலும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. எங்கள் யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்குக்கு 1970களின் தரப்படுத்தலிலிருந்து, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாக மாற்றியமைத்த முறையிலிருந்து, ஒரு நீண்ட வலி இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது ஒரு சின்னக் கணக்கு மட்டும். இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுப்பது, பிறகு மூன்று பாடத்துக்கும் சராசரி. ஒரு பாடத்தின் நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்வோம். வாசிப்புப் பிழையால் அதில் எட்டுப் புள்ளி போனால் அந்தப் பாடத்தில் 0.5 குறையும். மொத்தத்தில் 0.1667. வெட்டுப்புள்ளியை நான்கு தசமதானம் வரை பார்க்கிற நாட்டில் 0.1667 என்பது சில பிள்ளைகளுக்கு ஒரு முழு வருடம்.

நான் உயர்தரம் எடுத்தது 1990களின் நடுவில். அப்போது நான்கு பாடங்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரிய காரியம், ஜாம் போத்தலில் கொஞ்சம் விட்டுத் திரி போட்டுப் படித்தோம். கடதாசிக்கும் தட்டுப்பாடு. ஒரு கடந்தகாலத் தாள் கிடைத்தால் நண்பர்கள் நாலு பேருக்குள் சுற்றும், ஆளுக்கு ஓர் இரவு. விடிய முதல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் கேள்விகளைப் பழைய கொப்பிகளின் வெறும் பக்கங்களில் கையால் எழுதி எடுப்போம். அந்த இருட்டு இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் கையால் எழுதியவனுக்கு "உண்மையன்று" தப்பாது. எழுதி முடிக்கும்போதே பாதிக் கேள்வி விளங்கிவிடும். அப்போது அதை ஒரு முறை என்று நான் நினைத்ததேயில்லை. அந்தத் தீவுப் பிள்ளையின் பதினொரு பிழைகளைப் பார்த்த இரவுதான் அது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாளிலிருந்து அவருக்குப் புதிய தாள் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கச் சொன்னேன். பிழைத்த கேள்வியை முழுதாகக் கையால் எழுத வேண்டும். கீழே நான் போட்ட விடை, அப்போது என் மனதில் என்ன ஓடியது, எந்தச் சொல்லைத் தவற விட்டேன். "கவனயீனம்" என்ற சொல்லை எழுதத் தடை. ஒரு நாளைக்கு மூன்று கேள்வி போதும். இதைப் பிழைக்கொப்பி என்று வகுப்பில் சொல்வோம். மூன்று மாதத்தில் அந்தக் கொப்பி நிறைந்தது. அவர் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அதற்குக் கொப்பி மட்டுமா காரணம் என்றால் இல்லை, அவரது உழைப்பும் தாயின் பொறுமையும்தான் பெரும்பங்கு.

2024இல் நவம்பர் 25 பரீட்சை தொடங்கி இரண்டு நாளில் வெள்ளம் வந்தது. 27ஆம் திகதியிலிருந்து பரீட்சையை நிறுத்தி டிசம்பர் 4 தான் மீண்டும் தொடங்கினார்கள். அந்த நாட்களில் வகுப்பு வைக்க முடியாது, சட்டத்தில் தடை. வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகள் தொலைபேசியில் அழுதார்கள். புத்தகமெல்லாம் நனைஞ்சு போச்சு சேர், இனி என்ன பார்க்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டார். பிழைக்கொப்பி இருக்கா என்று கேட்டேன். அது பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேல் இருக்கிறது என்றார். அது காணும் பிள்ளை என்றேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தத் தாயிடம் தாள்களைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தேன். "அம்மா, இரண்டு மாதத்துக்குப் புதுத் தாள் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு கொப்பி போதும். பத்தரைக்குப் படுக்க விடுங்கோ" என்றேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முகத்திலேயே தெரிந்தது. எல்லாரும் இன்னும் செய் என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் நிறுத்து என்றால் எந்தத் தாய்க்கும் பயம் வரும்தானே. பெடியன் அந்தப் பதினேழாம் கேள்வியை அங்கேயே வாங்கில் இருந்து எழுதத் தொடங்கினான். நாலாவது வரியில் பேனை நின்றது. கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், இது மிகச் சிறியது எண்டெல்லோ கேட்டிருக்கு" என்றான்.