ஸ்டெர்லிங் ஹில்: கந்தகம் கலவாத துத்தநாகம்

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பள்ளியில் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த மகளை அழைத்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் சஸெக்ஸ் கவுண்டியில் உள்ள ஆக்டன்ஸ்பர்க் என்னும் சிற்றூருக்குச் சென்றேன். அங்குள்ள ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 1990 முதல் அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. இந்த மாநிலத்தில் கடைசிவரை வேலை நடந்த நிலத்தடிச் சுரங்கம் இதுதான்.

தொழிலாளர்கள் உடை மாற்றிய கூடமே இன்று கண்காட்சிக் கூடமாக இருக்கிறது. அவர்கள் துணிகளைக் கூடைகளில் இட்டு, சங்கிலியால் கூரை வரைக்கும் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். மேலே திரளும் வெப்பக் காற்றில் ஈரத் துணிகள் மறுநாளைக்குள் உலர்ந்துவிடும். கனிமங்கள் நிறைந்த கண்ணாடிப் பேழைகளைவிட, தலைக்கு மேல் தொங்கிய அந்தக் கூடைகளையே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குன்றின் பக்கவாட்டில் குடைந்த வழியாக உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. கோடையானாலும் பனிக்காலமானாலும் உள்ளே சுமார் 13 டிகிரி செல்சியஸ்தான்.

இந்த இடத்தின் அருமை அதன் தாதுவில் இருக்கிறது. உலகின் பெரும்பாலான துத்தநாகச் சுரங்கங்களில் கிடைப்பது ஸ்பாலரைட், அதாவது துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. இங்கேயும், வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் 1954இல் மூடப்பட்ட ஃபிராங்க்ளின் சுரங்கத்திலும் கந்தகத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. துத்தநாகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பு ஜின்சைட்டாகவும், சிலிக்காவோடு சேர்ந்து வில்லமைட்டாகவும், இரும்போடும் மாங்கனீசோடும் சேர்ந்து கரிய ஃபிராங்க்ளினைட்டாகவும் வெள்ளைப் பளிங்குப் பாறையில் மணிமணியாகப் பதிந்திருக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் கொண்டுவந்த உலோகங்கள் சுண்ணாம்புச் சேற்றோடு படிந்தன என்றும், பின்னர் மலைகள் எழுந்த காலத்தில் அந்தப் படிவு ஆழத்தில் புதைந்து, வெந்து, அழுந்தி, மடிந்தது என்றும் புவியியலாளர்கள் விளக்குகிறார்கள். சுண்ணாம்புக்கல் பளிங்கானதும், தாதுப்படிவு கொக்கிபோல வளைந்ததும் அப்போதுதான். இவ்விரு சுரங்கங்களையும் சுற்றியுள்ள சிறு வட்டாரத்தில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கனிம வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் சில வேறெங்கும் கிடைத்ததில்லை.

சிவப்பு ஜின்சைட்டை ஆர்ச்சிபால்ட் புரூஸ் என்னும் நியூயார்க் மருத்துவர் 1810இல் முதன்முதலாக விவரித்தார். தாது இன்னதென்று தெரிந்த பிறகும் அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது எளிதாக இருக்கவில்லை. 1830களில் அமெரிக்க அரசின் எடை, அளவைப் படிகளுக்கான பித்தளை செய்ய இவ்வட்டாரத் தாதுவிலிருந்து துத்தநாகம் பிரிக்கப்பட்டது. அதன்பின் வெள்ளை வண்ணப்பூச்சுக்கான துத்தநாக ஆக்சைடு பெருந்தொழிலாக வளர்ந்தது. துத்தநாகம் எடுத்த பிறகு எஞ்சிய கசடிலும் இரும்பும் மாங்கனீசும் இருந்ததால் அது எஃகுத் தொழிலுக்குப் போயிற்று.

வழக்குகளும் இந்தத் தாதுவிலிருந்தே கிளம்பின. ஒரே நிலத்தில் துத்தநாகத்தை எடுக்கும் உரிமை ஒருவருக்கும் இரும்பை எடுக்கும் உரிமை இன்னொருவருக்கும் விற்கப்பட்டிருந்தது. இரண்டையும் தன்னுள் கொண்ட ஃபிராங்க்ளினைட் யாருக்குச் சேரும்? பல்லாண்டுகள் நீதிமன்றங்களில் இழுபட்ட இச்சிக்கல், 1897இல் போட்டி நிறுவனங்கள் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனியாக ஒன்றிணைந்தபோதுதான் தீர்ந்தது. கனிமவியல் தெரியாமல் எழுதப்பட்ட பத்திரங்கள் ஓர் ஊரின் உழைப்பை அத்தனை காலம் முடக்கிவைத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

நடைபாதையின் பிற்பகுதியில், வானவில் சுரங்கவழி என்று பெயரிட்ட இடத்தில் எங்களை நிறுத்தி விளக்குகளை அணைத்தார்கள். பிறகு சிற்றலைப் புற ஊதா விளக்குகள் எரிந்தன. சாம்பல் நிறமாகத் தெரிந்த சுவரெங்கும், பளிங்குப் பாறையின் கனிமமான கால்சைட் தணல்போலச் சிவந்தது. வில்லமைட் இளம்பயிர்ப் பச்சையில் ஒளிர்ந்தது. இரண்டு நிறத்துக்கும் காரணம் கனிமத்துக்குள் சிறிதளவு கலந்திருக்கும் மாங்கனீசு. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியின் ஆற்றலை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக அது திருப்பித் தருகிறது. கால்சைட்டில் அந்த ஆற்றலை வாங்கிக் கொடுக்க ஈயமும் சிறிது உதவுகிறது. இது பார்வையாளருக்கான வேடிக்கை மட்டுமன்று. ஃபிராங்க்ளினில் அந்நாளிலேயே இரும்பு முனைகளுக்கு இடையே மின்பொறி எழுப்பி, அதன் புற ஊதா ஒளியில் ஆலைக் கழிவைச் சோதித்தார்கள். பச்சை தெரிந்தால் வில்லமைட் வீணாகிறது என்று பொருள்.

"அப்பா, நடுவில் கறுப்பாகவே இருப்பது வெறும் கல்லா?" என்று மகள் கேட்டாள். அதுதான் ஃபிராங்க்ளினைட். அதிலுள்ள இரும்பு ஒளிர்வை எழவிடுவதில்லை. இத்தனை ஆயிரம் பேர் இந்தக் குன்றைக் குடைந்தது அந்த ஒளிராத மணிகளுக்காகவும்தான் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் சுவரருகே போய், கறுப்பை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாள்.

திரும்பும் வழியில், ஆழத்துக்கு இறங்கும் தண்டுக்குழி ஒன்றின் அருகே நின்றோம். சுரங்கம் 750 மீட்டருக்கும் மேல் ஆழமானது. அதன் வழிகளை ஒன்றாக நீட்டினால் சுமார் 56 கிலோமீட்டர் வரும். மூடியபின் நீரிறைக்கும் பம்புகளை நிறுத்திவிட்டதால் நிலத்தடி நீர் மெல்ல ஏறி, கீழ்த்தளங்கள் முழுவதையும் மூடிவிட்டது. நாங்கள் நடந்து பார்த்தது மேல்தளம் ஒன்றை மட்டுமே.