சர் சண்முகம் ரோடு

1987-ல் பில் கலெக்டராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த பகுதி கோவை ஆர்.எஸ்.புரம். டி.பி. ரோடு, கௌலி பிரவுன் ரோடு, பாஷ்யகாரலு ரோடு, சர் சண்முகம் ரோடு என்று சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொத்து வரி வசூல் செய்ய வேண்டும். தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் ரசீதுப் புத்தகம், கார்பன் பேப்பர், இரண்டு பேனா. மார்ச் மாதம் வந்துவிட்டால் சாப்பாட்டு நேரம்கூட கிடைக்காது.

'சர் சண்முகம் ரோடு' என்று எத்தனை ஆயிரம் ரசீதில் எழுதியிருப்பேனோ தெரியாது. அந்தச் சண்முகம் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த ரோட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். ரசீதை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முகவரி வரை படித்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு நாள் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"ஏங்கண்ணு, இந்தச் சண்முகம் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியலீங்கம்மா."

"நம்மூரு முனிசிபாலிட்டில கவுன்சிலரா இருந்தவரு. அப்புறம் டெல்லிக்குப் போயி நாட்டுக்கே கணக்கு எழுதுனாரு. தெனமும் பேரை எழுதறே, ஆளைத் தெரியலையே சாமி."

அந்த அம்மா திட்டவில்லை. வருத்தப்பட்டார். எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், முப்பது வருஷத்துக்கு மேலாக.

ஆர்.கே. சண்முகம் செட்டியார் பிறந்தது கோவையில், 1892 அக்டோபர் 17-ல். நம்ம டவுன்ஹால் கட்டிய வருஷமும் அதுதான். சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு ஊர் திரும்பிய வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. 1917-ல் கோவை நகராட்சியில் உறுப்பினர் ஆனார், பிறகு துணைத் தலைவர். உறுப்பினராகும்போது வயது இருபத்தைந்தை ஒட்டித்தான்.

அன்றைய கோவையை இன்றைய கோவையாக நினைத்துக்கொள்ளக் கூடாது. சிறுவாணித் தண்ணீர் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பாக்கி இருந்தது. நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வரவில்லை, அதனால் வரிசையாக மில்களும் வரவில்லை. பிளேக் அடிக்கடி வந்து ஊரைக் காலி செய்துவிட்டுப் போன காலம். பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் எதனால் வந்தன என்று இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் நகராட்சி உறுப்பினர் என்றால் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்ற கேள்வி, இவைதான் வேலை. வரியை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரரே வாசலில் வந்து நிற்பார். ஏற்றாவிட்டால் சாக்கடை அப்படியே கிடக்கும்.

எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கோவையில் சண்முகம் செட்டியார் இருந்த அதே சமயத்தில், ஈரோடு நகராட்சிக்குத் தலைவர் ஈ.வெ. ராமசாமி. ஆமாம், பெரியார்தான். ஈரோட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது. சேலம் நகராட்சிக்குத் தலைவர் ராஜாஜி, 1917-லிருந்து. இன்றைக்குக் கோவையில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் தாண்டிவிடக்கூடிய மூன்று ஊர். அந்த மூன்று கூட்ட அறைகளில் உட்கார்ந்து சாக்கடைக்கும் குழாய்க்கும் தீர்மானம் போட்டவர்கள், பிறகு மூன்று வெவ்வேறு திசையில் போய் இந்த நாட்டின் அரசியலையே அசைத்தார்கள். கவுன்சிலர் பதவி என்றால் காண்ட்ராக்ட் பதவி என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

செட்டியார் கோவையில் அதிக நாள் தங்கவில்லை. 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்ட மேலவை. சில வருஷத்தில் சுயராஜ்யக் கட்சிப் பக்கம் வந்து டெல்லி மத்திய சட்டசபை. 1931-ல் அந்தச் சபையின் துணைத் தலைவர், 1933-ல் தலைவர். 'சர்' பட்டமும் அந்த வருஷம்தான். நகராட்சியில் உட்கார்ந்து பதினாறே வருஷத்தில் இந்தியா முழுவதுக்குமான சபையின் தலைவர் நாற்காலி.

அடுத்த வருஷமே விழுந்தார். 1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் பொருளாதார மாநாடு நடந்தது. சாம்ராஜ்யத்துக்குள் ஒருவர் சரக்குக்கு ஒருவர் சலுகைத் தீர்வை தருவது என்று ஒப்பந்தம். இந்தியாவின் பிரதிநிதிகளில் இவரும் ஒருவர், ஒப்பந்தத்தை ஆதரித்தவர். வெள்ளைக்காரனுக்குச் சாதகமானது என்று காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. 1934 தேர்தலில் சபைத் தலைவராக இருக்கும்போதே தோற்றுப்போனார். ஒட்டாவா விஷயத்தில் மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் தோற்ற பிறகு அந்த மனுஷன் என்ன செய்தார் என்பதைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

1935-ல் கொச்சி சமஸ்தானத்துக்குத் திவானாகப் போனார். 1941 வரை அங்கே இருந்தார். கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. 2009-ல் குடும்பத்தோடு குருவாயூர் போய்விட்டு எர்ணாகுளத்தில் ஒரு நாள் தங்கினோம். மெரைன் டிரைவ் பக்கம் ஆட்டோ தேடி நின்றபோது என் மனைவி பெயர்ப்பலகையைக் காட்டி, "ஏனுங்க, உங்க ரோடு இங்கயும் வந்துருச்சுங்க" என்றாள். ஷண்முகம் ரோடு. அவர் பேரில்தான். காயலை ஒட்டிய ரோடு, அந்த ஊரின் நல்ல ரோடுகளில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து போன திவானை மலையாளிகள் மறக்கவில்லை. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். மோர் கொடுத்த அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் மாநாடு. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் பிறந்த இடம். இந்தியக் குழுவில் அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக்கோடு இவரும் போனார். யுத்தச் செலவுக்காக பிரிட்டன் நமக்குப் பாக்கி வைத்திருந்த ஸ்டெர்லிங் பணம் என்ன ஆகும் என்பதுதான் நம்மவர்களின் பெரிய கவலை. நிலுவை என்றால் எனக்குப் புரியும். வாங்கின பெரிய மனுஷனிடம் போய் நிலுவையைக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதும் புரியும்.

அப்புறம் 1947. நேருவின் முதல் மந்திரிசபையில் காங்கிரஸ்காரர் அல்லாதவர்களுக்கும் இடம் இருந்தது. அம்பேத்கர் சட்டத்துக்கு, சண்முகம் செட்டியார் நிதிக்கு. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் எந்தக் கட்சி இவரைத் தோற்கடித்ததோ அதே கட்சியின் அரசு நாட்டின் கஜானாச் சாவியை இவர் கையில் கொடுத்தது. 1948 ஜூனில் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார். அதாவது அந்த வருஷம் ஒன்றிரண்டு மாதம், நாட்டின் தலைவர் பழைய சேலம் நகராட்சித் தலைவர், நிதியமைச்சர் பழைய கோவை நகராட்சித் துணைத் தலைவர்.

அந்த ஆகஸ்டில் செட்டியார் பதவி விலகினார். வரி ஏய்ப்புச் சந்தேகத்தில் வருமான வரி விசாரணைக் கமிஷனுக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரம். அவரைப் பிடிக்கும் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன். வரி வேலையில் இருந்தவனுக்குப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பது என்றால் என்ன என்று தெரியும். ஒரு வரிவிதிப்பு எண்ணை நீக்கவேண்டுமென்றால் காரணம் எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்துக்குக் கடைசி வரை பதில் சொல்ல வேண்டும். துறை அவருடையது, பதிலும் அவர்தான் சொல்லவேண்டியிருந்தது. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது.

ஊருக்கு வந்து அவர் சும்மா உட்காரவில்லை. தமிழிசை இயக்கத்தில் முன்னால் நின்றவர், சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1952-ல் சுயேச்சையாக நின்று சென்னை சட்டசபைக்குப் போனார். 1953 மே மாதம் காலமானார். அறுபது வயதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. ஓய்வுக்குப் பிறகு சூலூருக்குக் கிழக்கே சொந்த ஊரில் வந்து இருக்கிறேன். பேரூராட்சி. 2022 தேர்தலில் எங்கள் வார்டில் ஜெயித்தது, எங்கள் வீதியிலேயே வளர்ந்த பெண். அவள் அப்பா மில்லில் சைடராக, அதாவது நூற்பு இயந்திரம் பார்க்கும் தொழிலாளியாக இருந்தவர். போன மாதம் ஒரு சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் பட்ஜெட் புத்தகம்.

"மாமா, இதை எப்படிங்க படிக்கறது? கூட்டத்துல எல்லாரும் பக்கத்தைப் புரட்டறாங்க, நானும் புரட்டறேன். ஒண்ணும் புரியலீங்க."

அவள் வெட்கப்படாமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே போய் அவளுடைய புத்தகத்துக்கு முன்னால் வேறொரு தாளை எடுத்து வந்தேன். 1947 நவம்பர் 26-ல் செட்டியார் வாசித்த சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட் உரை. நிதி அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. மகனிடம் சொல்லி பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

"முதல்ல எத்தனை மாசத்துக்குக் கணக்குன்னு பாரு அம்மணி."

பார்த்தாள். ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 31 வரை. ஏழரை மாதம்.

"வரவு?"

"171.15 கோடிங்க."

"செலவு?"

"197.39 கோடி. அதுல ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடிங்களா?" நிமிர்ந்து பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாடு பிரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது என்றேன். எல்லைக்கு இந்தப் பக்கம் லட்சக்கணக்கான அகதிகள், உணவுப் பஞ்சம் வேறு. அந்த நிலையில் ஒரு மனுஷன் எழுந்து நின்று வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, துண்டு இவ்வளவு என்று ஒளிக்காமல் வாசித்திருக்கிறார்.

"துண்டு எவ்வளவுன்னு நீயே கழிச்சுப் பாரு."

பென்சிலை எடுத்து ஓரத்தில் போட்டாள். போனில் கால்குலேட்டர் இருந்தும் கையால் போட்டாள். 26.24 கோடி. அப்புறம் அவளே பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். கடைசிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, இங்க பற்றாக்குறை 24.59 கோடின்னு போட்டிருக்குதுங்க. தப்பா?"

"தப்பில்ல. நடுவுல 1.65 கோடி குறைஞ்சிருக்குது. எங்கிருந்து வந்துச்சுன்னு தேடு."

இது நான் சொல்லித்தரும் பாடங்களில் முக்கியமானது. இரண்டு எண் ஒத்துவரவில்லை என்றால் கோபப்படக் கூடாது, பயப்படக் கூடாது. வித்தியாசத்தை எடுத்து வைத்துக்கொண்டு அது எந்த வரியிலிருந்து வந்தது என்று தேட வேண்டும். டி.சி.பி. அறிக்கையில் கேட்பு, வசூல், நிலுவை மூன்றும் ஒத்துவராமல் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் எங்கேயோ ஒரு ரசீதில் இருக்கும்.

பத்து நிமிஷம் விரல் வைத்துப் படித்தாள். கண்டுபிடித்துவிட்டாள். ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் தீர்வை.

"நூலுங்களா?" என்றாள். "இவரு நம்ம கோயமுத்தூர்க்காரருன்னு சொன்னீங்களே. மில்லுக்காரங்கல்லாம் சொந்தக்காரங்களா, தெரிஞ்சவங்களா இருந்திருப்பாங்களேங்க?"

"இருந்தாங்க. அவரு குடும்பத்துக்கே மில்லு இருந்துது. சிங்காநல்லூர்ல."

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. அப்புறம் என் தாளை ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடைய பேரூராட்சிப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தொடக்க இருப்பு, சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போன வருஷத்து எண்ணை எழுதிக் கழித்தாள். ஓர் இடத்தில் பென்சிலை நிறுத்தி வட்டம் போட்டாள்.

"இந்த வித்தியாசம் எதனாலீங்க மாமா?"

"எனக்கெப்படித் தெரியும்? கூட்டம் எப்போ?"

"வியாழக்கிழமைங்க."

"கேளு."

புறப்படும்போது பட்ஜெட் உரையையும் வாங்கிக்கொண்டாள். பென்சில் வைத்த பக்கத்தில் ஓர் இலையை அடையாளத்துக்கு வைத்து, ஸ்கூட்டிப் பெட்டிக்குள் பத்திரமாகப் போட்டு மூடினாள்.