நெல்சன் டாக்யார்டை நெல்சன் கட்டவில்லை

கரீபியத் தீவான ஆன்டிகுவாவின் செயின்ட் ஜான்ஸ் ஊரில் ஒரு டாக்ஸிக்காரர், நெல்சன் டாக்யார்டு என்ற பழைய பிரிட்டிஷ் கப்பல் பழுதுபார்க்கும் தளம் இருக்கும் இங்கிலீஷ் ஹார்பருக்குப் போய்வர எங்கள் ஒரு நாள் பட்ஜெட்டையே கேட்டார். பேரம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வெஸ்ட் பஸ் ஸ்டேஷனிலிருந்து 17ஆம் எண் பஸ் அங்கேதான் போகிறது, அதுவும் சில கிழக்குக் கரீபிய டாலருக்கு! சின்ன வேன்தான். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஏறுகிற ஒவ்வொருவரும் வண்டியிலுள்ள எல்லோருக்கும் "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

டாக்யார்டின் நுழைவுக் கட்டணம் கொஞ்சம் அதிகம். ஆனால் உள்ளே போய் அந்த கேப்ஸ்டன்களை, அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் பெரிய உருளைகளைப் பார்த்ததும் காசுக் கவலை போய்விட்டது. வெப்பக் கடலில் மரக்கப்பலின் அடிப்பகுதியைப் புழு அரிக்கும், சிப்பி அப்பிக்கொள்ளும். அதனால் பீரங்கி, சரக்கு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பாய்மரத்தில் வடம் கட்டி, கேப்ஸ்டனை ஆட்கள் சுற்றச் சுற்ற, முழுக் கப்பலையும் கரையோரமாகச் சாய்ப்பார்களாம். அடிப்பக்கம் வெளியே வந்ததும் சுரண்டிப் பழுது பார்ப்பார்கள். சுற்றிலும் மலை இருப்பதால் சூறாவளிக் காலத்திலும் கப்பல்களுக்கு இங்கே பாதுகாப்பு. பிரிட்டிஷ் கடற்படை 1720களிலேயே இந்த இடத்தைப் பிடித்துப்போட்டது அதனால்தான்.

கப்பல் பாய் தைக்கும் கூடத்தைத் தாங்கிய பருத்த கல் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. கூரை 1871 சூறாவளியோடு போய்விட்டது. அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னாளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியான நெல்சன் இந்தப் பக்கம் இருந்தது 1784 முதல் 1787 வரைதான். அமெரிக்கக் கப்பல்களோடு வியாபாரம் கூடாது என்று சட்டத்தைக் காட்டிக் கெடுபிடி செய்ததால் உள்ளூர் வணிகர்களுக்கு அவரைப் பிடிக்கவும் இல்லை. டாக்யார்டைக் கட்டியதும் நடத்தியதும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். தச்சர்களும் கொல்லர்களும் கப்பலின் பலகை இடுக்குகளை அடைப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1744 மார்ச் 8 அன்று இங்கே நடந்த வெடிவிபத்தில் அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அவர்களின் உழைப்பையும் சேர்த்தே குறிப்பிட்டது. வாசலில் அவர்கள் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, சாப்பாடு. உள்ளே படகுக்காரர்களுக்கான உணவகங்கள், விலையும் அவர்களுக்கானதே. வெளியே வந்து சாதாரணக் கடையில் உப்புமீனும் ஃபன்ஜியும் சாப்பிட்டோம். ஃபன்ஜி என்பது மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டுவது, நம் ஊர்க் களி மாதிரியே. கூடவே டுக்கானா: சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காயும் துருவிப் பிசைந்து, பொட்டலமாக மடித்து வேகவைத்தது. அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு இதுதான், சந்தேகமே இல்லை!

அப்புறம், மேலே ஷர்லி ஹைட்ஸுக்குக் கட்டாயம் ஏறுங்கள், துறைமுகம் முழுவதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே ஸ்டீல் பேண்ட் (இரும்பு டிரம் இசை) உண்டு. ஆனால் ஞாயிறன்று பஸ் மிகக் குறைவு. திரும்பும் வண்டிக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள், கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.