கண்ணனுக்குத் திட்டம் எழுதிய கதை

இலங்கையின் வடக்கே மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விசேட கல்வி அலகைப் பொறுப்பெடுத்தபோது எனக்குக் கிடைத்தவை ஒரு திறப்பு, ஒரு அலுமாரி, ஏழு பிள்ளைகள். அலுமாரிக்குள் ஏழு கோவைகள். ஒவ்வொன்றிலும் அந்தப் பிள்ளைக்கான தனியாள் கல்வித் திட்டம் இருக்கவேண்டும். கண்ணனின் கோவையில் அது இல்லை. (பெயர் நான் வைத்தது.) வயது ஒன்பது. பேச்சு நாலைந்து சொல்தான். அம்மம்மாவோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்காணியில் இருக்கிறான்.

உள்ளதைச் சொன்னால், முதல் திட்டத்தை நான் பக்கத்துக் கோவையைப் பார்த்து எழுதினேன். "1 முதல் 20 வரை எழுதுவார்", "வகுப்பில் அமைதியாக அமர்வார்", "சமூகத் திறன் வளரும்". வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆசிரிய ஆலோசகர் வாசித்துவிட்டு, "பெயரை வெட்டிப்போட்டால் இது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் ரீச்சர்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னேரம் வீட்டில் ஆறுதலாக இருந்து திரும்ப வாசித்தேன். அந்த மனுசி சொன்னது சரி.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று: படிவத்தின் முதல் கட்டமான "தற்போதைய நிலை"யை நிரப்பமுன் இரண்டு வாரம் ஒரு கொப்பி வைத்திருங்கள். "பிடிவாதம்", "குழப்படி" என்று எழுதக்கூடாது. கண்ணால் கண்டதும் நேரமும் மட்டும். என் கொப்பியில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "9.50 எழும்பினான். கேற்றடிக்கு ஓடினான். கூப்பிட்டும் நிற்கவில்லை. 10.15 தானே வந்தான். வேறு காற்சட்டை." அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் "வேறு காற்சட்டை" என்று எழுதியிருக்கிறேன். எழுதிய எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இடையில் காதுப் பரிசோதனை. பேசாத பிள்ளைக்குப் பேச்சு இலக்கு எழுதமுன் காது கேட்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மாங்குளம் சந்தியில் பஸ் மாறி இரண்டு தடவை போய் வந்தார்கள். முதல் தடவை பரிசோதிப்பவர் லீவு. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அம்மம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. கடைசியில் அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. காது கேட்பதில் குறையில்லை என்று நான் வாசித்துச் சொன்னதும், "ரொபி பேப்பர் உரிக்கிற சத்தத்துக்கே ஓடிவாறவன், என்னட்டைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே" என்றார் அம்மம்மா. ஆனால் அறிக்கை இல்லாமல் கோவை நகராது.

அப்புறம் திட்டம் பற்றிய கூட்டம். அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டம்தான் இப்படியொரு திட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே திட்டம் போடுகிற குழுவில் பெற்றாரும் ஒருவர். இங்கே அம்மம்மா அதிபரின் மேசைக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்தார். காலபோக வெட்டு நேரம், வயலால் நேரே வந்திருந்தார். நாங்கள் படிவத் தமிழில் கதைக்கக் கதைக்க அவர் தலையாட்டினார். முடிவில், "இவனால எல்லாருக்கும் கரைச்சல், நிப்பாட்டட்டோ?" என்றார். இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது என்று அதிபர் விளக்கினார். அம்மம்மா அதற்கும் தலையாட்டினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கொப்பியோடு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோழிக்கூட்டடியில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். காற்சட்டை வந்த இடத்தில் மறித்தார். "அவன் ஓடேல்ல ரீச்சர். ஒண்டுக்கு வாறவன். உங்கட கக்கூஸ் கதவைச் சாத்தினா உள்ளுக்கை இருட்டு. அவன் இருட்டுக்குப் போகமாட்டான்."

"வகுப்பில் அமரமாட்டார்" என்று ஒரு வருடமாகக் கோவையில் இருந்தது இதுதான்.

புதுத் திட்டத்தில் இலக்குகள் மூன்றோடு நிறுத்தினேன். முதலாவது: "தவணை முடிவில், மலசலகூடப் பட அட்டையை ரீச்சரிடம் தானே காட்டுவான், ஐந்து தடவையில் நான்கு தடவை, ஞாபகப்படுத்தாமல்." யார் பழக்குவது, எங்கே, எத்தனை நாளுக்கு ஒருக்கால் குறிப்பது என்று எதிரே எழுதினோம். கதவுக்கு மேலே இரண்டு தகரத்தைக் கழற்றி ஒளி ஊடுருவும் தகரம் போட்டார் அதிபர். இரண்டாவது, ஐந்து வரை பொருளை எண்ணித் தருவது. மூன்றாவது, தரம் மூன்றுப் பிள்ளைகளோடு இடைவேளைச் சாப்பாடு; அது இரண்டாம் நாளே சரிவந்துவிட்டது, அதற்கு இலக்கே தேவைப்பட்டிருக்காது.

ஆறு கிழமையில் மீளாய்வு. எண்ணுவது படுதோல்வி. பிளாஸ்ரிக் மணிகளைக் கொடுத்தால் சிதறடிக்கிறான். ஆனால் பின்னேரம் கோழி அடைக்கும்போது ஒன்று குறைந்தாலும் கூட்டை மூடவிடாமல் நிற்பானாம். மணிகளை விட்டுவிட்டு முட்டைத் தட்டும் ஐந்து முட்டையும் என்று மாற்றி எழுதினோம். முட்டை அம்மம்மாவின் பங்கு.

அட்டை இலக்கு நிறைவேறிவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே. போன புதன்கிழமை பதினொரு தடவை காட்டினான். ஆறாவது தடவை பின்னால் போய்ப் பார்த்தேன். மலசலகூடத்தைத் தாண்டி மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். இப்போது இரண்டாவது அட்டை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், மாமரம் கீறி.