மேய்ன் மாநிலத்தின் 23,427 வாக்குகள்

மூன்றாவதாக ஒருவர் போட்டியிட்டு, முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தைவிடக் கூடுதலான வாக்குகளைப் பெற்றுவிட்டால், தோற்ற தரப்பு உடனே சொல்வது, "எங்கள் வாக்கைப் பிரித்துவிட்டார்" என்பதுதான். அந்த 'எங்கள்' என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்து வந்திருக்கிறது. மூன்றாமவர் நிற்காமல் இருந்திருந்தால், அவருக்கு விழுந்தவை எல்லாம் அப்படியே தம் கணக்கில் சேர்ந்திருக்கும் என்று தோற்றவர் எடுத்துக்கொள்கிறார். அதைச் சரிபார்க்க வழக்கமாக வழி இருப்பதில்லை. அதனாலேயே அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆயுள் அதிகம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் இதற்கு நல்ல உதாரணம், 1997 மே மாதம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மூன்றாவது தொகுதியில் நடந்த இடைத்தேர்தல். பில் ரிச்சர்ட்சன் ஐ.நா. தூதராகச் சென்றதால் காலியான அந்தத் தொகுதி, சாண்டா ஃபே நகரை உள்ளடக்கிய, ஜனநாயகக் கட்சிக்கு மிகச் சாதகமான இடம். அக்கட்சியின் எரிக் செர்னா ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார்; பசுமைக் கட்சியின் காரல் மில்லர் 17 விழுக்காட்டை எடுத்துச் சென்றார்; குடியரசுக் கட்சியின் பில் ரெட்மண்ட் 43 விழுக்காட்டிலேயே வென்றுவிட்டார். பழி முழுவதும் மில்லர் மீது விழுந்தது. ஆனால் மறு ஆண்டு பொதுத்தேர்தலில் அதே ரெட்மண்டும் அதே மில்லரும் மீண்டும் நின்றார்கள். ஜனநாயகக் கட்சி மட்டும் டாம் யூடாலை நிறுத்தியது. ரெட்மண்டின் பங்கு மீண்டும் அதே 43, மில்லரின் பங்கோ 4 விழுக்காட்டுக்குச் சுருங்கியது, யூடால் எளிதாக வென்றார். இடைத்தேர்தலில் வாக்களிக்க வருவோர் குறைவு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், முதல் முறை வாக்காளர்கள் விலகிப் போனதற்கு மில்லர் நின்றது மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்சி யாரை நிறுத்தியது என்பதற்கும் அதில் பங்கு உண்டு.

இதுகூட ஊகம்தான். ஊகமில்லாமல் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு 2018இல் மேய்ன் மாநிலத்தின் இரண்டாவது தொகுதியில் கிடைத்தது. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் முறையில் அங்கே தேர்தல் நடந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். முதல் எண்ணிக்கையில் பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் புரூஸ் பாலிக்வின் 134,184 வாக்குகளும், ஜனநாயகக் கட்சியின் ஜேரட் கோல்டன் 132,013 வாக்குகளும் பெற்றார்கள். சுயேச்சைகளான டிஃபனி பாண்டுக்கு 16,552, வில் ஹோருக்கு 6,875. பழைய முறையாக இருந்தால் கதை அத்தோடு முடிந்து, கோல்டனின் ஆதரவாளர்கள் அந்த இரு சுயேச்சைகளையும் பல ஆண்டுகள் சபித்துக்கொண்டிருப்பார்கள்.

சுயேச்சைகள் நீக்கப்பட்டு, அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டபோது, கோல்டன் 142,440, பாலிக்வின் 138,931 என்று முடிவு தலைகீழானது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இரு எண்ணிக்கைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். சுயேச்சைகளின் 23,427 வாக்குகளில் கோல்டனுக்குச் சேர்ந்தவை 10,427, பாலிக்வினுக்கு 4,747, எஞ்சிய 8,253 சீட்டுகள் இருவரில் யாருக்கும் போகவில்லை. ஆக, வாக்கு பிரிந்தது உண்மை, அது முடிவை மாற்றக்கூடிய அளவில் பிரிந்ததும் உண்மை. ஆனால் வென்ற கட்சிக்குச் 'சொந்தமானவை' என்று சொல்லத்தக்கவை அவற்றில் பாதிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சீட்டுகளில் இரு பெரிய கட்சிகளில் எதுவும் எண்ணத்தக்க அடுத்த இடத்தைப் பெறவில்லை.

பாலிக்வின் நீதிமன்றத்துக்குப் போனார். முதல் சுற்றில் முந்தியவரே வென்றவர் என்பது அவருடைய வாதம். கூட்டாட்சி நீதிபதி லான்ஸ் வாக்கர் அதை ஏற்கவில்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் பால் லெபேஜ் முடிவுச் சான்றிதழில் கையெழுத்திட்டு, பக்கத்திலேயே 'திருடப்பட்ட தேர்தல்' என்றும் எழுதி வைத்தார். இந்த லெபேஜ் 2010இல் ஆளுநரானதே சுமார் 38 விழுக்காடு வாக்குகளோடுதான். அப்போது அவரை நெருங்கி இரண்டாவதாக வந்தவர் சுயேச்சையான எலியட் கட்லர்; ஜனநாயகக் கட்சியின் லிபி மிட்செல் 19 விழுக்காட்டோடு மூன்றாவது இடத்துக்குப் போனார். அங்கே யார் யாருடைய வாக்கைப் பிரித்தார் என்று கேட்டால், பெரிய கட்சியின் வேட்பாளரான மிட்செலைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கும். அப்படி யாரும் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள்.

வரிசை முறைக்கு மேய்னில் ஆதரவு திரண்டதற்கு அந்த 2010 தேர்தல் ஒரு முக்கியக் காரணம். 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. ஆனால் ஆளுநர் பதவிக்கு அதிக வாக்குகள் பெற்றவரே வென்றவர் என்று மாநில அரசியல் சட்டம் சொல்வதால், மாநிலப் பதவிகளுக்கான பொதுத்தேர்தலில் அதைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் கருத்துரைத்தது. எனவே 2018 நவம்பரில், பாண்டையும் ஹோரையும் முதலிடத்தில் குறித்து அடுத்த விருப்பத்தையும் எழுதிய அதே வாக்காளர்கள், ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது பழையபடி ஒரே ஒரு பெயரைத்தான் குறித்தார்கள்.