புள்ளி சரியாக விழாத நாட்கள்

நான் பள்ளியில் தமிழாசிரியை. விடைத்தாளில் திருத்தம் எழுதும்போது ஒரு மெய்யெழுத்தின் மேல் வைத்த புள்ளி சரியாக விழவில்லை என்று தோன்றினால், அந்தச் சொல்லையே அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அதுவும் பிடிபடாது; இன்னொரு முறை எழுதுவேன். 40 தாள்களைத் திருத்த இரவு 2 மணி ஆகிவிடும். வாசற்கதவின் தாழ்ப்பாளும் அப்படித்தான்: போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டே இருப்பேன். திருட்டுப் பயம் என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்குத் திருடனைப் பற்றிய நினைப்பே வந்ததில்லை. தாழ்ப்பாள் விழும்போது கையில் தெரிய வேண்டிய ஏதோ ஒன்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் என்று மனநல மருத்துவர் சொன்னபோது நான் நம்பவில்லை. கிருமிக்குப் பயந்து கை கழுவுகிறவர்களுக்கு வருவது என்றுதான் அதுவரை அறிந்திருந்தேன். முதலில் என்னைப் பார்த்த உளவியல் ஆலோசகரும் பயத்தைத்தான் தேடினார். "செய்யாமல் விட்டால் என்ன நடந்துவிடும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒன்றும் நடக்காது என்று உண்மையைச் சொன்னால், நான் எதையோ மறைக்கிறேன் என்று எண்ணினார். கடைசியில் அவருக்காகவே ஒரு பயத்தைக் கற்பித்துச் சொல்லி, அது நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதங்கள் அப்படியே போயின.

அடுத்துப் பார்த்த பெண் உளவியலாளர் வேறொரு கேள்வி கேட்டார்: "எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள் அல்லவா, எப்போது நிறுத்துகிறீர்கள்?" யோசித்துப் பார்த்து, "உள்ளே ஒன்று போய் உட்காரும், அப்போது நிறுத்துவேன்" என்றேன். அவர் தலையசைத்தார். பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே 1903-ஆம் ஆண்டிலேயே இதை 'நிறைவின்மை உணர்வு' என்று குறித்திருக்கிறார் என்றும், தீங்கு நேருமோ என்ற அச்சத்தால் சிலரும், செய்தது முழுமையாகவில்லை என்ற உணர்வால் சிலரும், இரண்டும் கலந்து பலரும் இந்நோயில் அகப்படுகிறார்கள் என்றும் சொன்னார். என் அவஸ்தைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டதும் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மருத்துவர் செர்ட்ராலினைப் படிப்படியாகக் கூட்டினார். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார், அப்படித்தான் ஆனது. பெரும்பாடு பட்டது பயிற்சியில். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்ததிலிருந்து வளர்ந்த முறை அது: மனத்தை உறுத்தும் நிலையை நாமே வரவழைத்துக்கொண்டு, அதைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்க வேண்டும். எனக்குத் தந்த வீட்டுப்பாடம், பக்கத்துக்கு இரண்டு புள்ளிகளை வேண்டுமென்றே சாய்த்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது.

முதல் நாள் 'கற்க' என்று எழுதி, 'ற்' மேலிருக்க வேண்டிய புள்ளியைப் பக்கத்து எழுத்தை நோக்கித் தள்ளி வைத்தேன். வந்து வராமல் நிற்கும் தும்மலைப் போல ஓர் உணர்வு பிடரியில் தொடங்கி மணிக்கட்டு வரை இறங்கியது. பயமாக இருந்திருந்தால், பயந்தது நடக்கவில்லை என்று கண்டு மனம் ஆறும்; இங்கே நடப்பதற்கு எதுவுமே இல்லை, இருப்பது உறுத்தல் மட்டும்தான். அது போகும்வரை காத்திருக்காமல், அதை வைத்துக்கொண்டே வேலையைத் தொடரச் சொன்னார்கள்.

மூன்று வாரங்களாகியும் முன்னேற்றம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும், சொல்ல வெட்கப்பட்டேன். தாளில் சாய்த்த புள்ளியை மேசைக்கு அடியில் விரலால் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். விரலைக் கட்டுப்படுத்தினால் மனத்துக்குள் வைத்தேன். இதைச் சொன்ன பிறகே சிகிச்சை உண்மையில் தொடங்கியது என்பேன். இதே பயிற்சியில் இருப்பவர்கள் யாரேனும் படித்தால், மனத்துக்குள் நடக்கும் அந்தத் திருத்தத்தைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். மனத்துக்குள் சரியான புள்ளி தோன்றும்போதெல்லாம் அதையும் மறுபடி சாய்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தார்கள். 'சரியாகத்தான் இருக்கிறதா?' என்று நான் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்று என் கணவருக்கும் சொல்லப்பட்டது. அவருக்கு அது என்னைவிடக் கடினமாக இருந்தது.

நோயின் தீவிரத்தை 40-க்கு அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 27-இல் இருந்த நான் ஒன்பது மாதங்களில் 12-க்கு வந்தேன். உறுத்தல் அடியோடு போய்விடவில்லை. நேற்று 43 தாள்களைத் திருத்தி முடித்தபோது மணி ஒன்பதரை. இருபத்தொன்றாவது தாளில் நான் எழுதிய 'வாழ்த்து' என்ற சொல்லில் 'ழ்'-இன் புள்ளி வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. இதை எழுதும்போதும் அது கண்ணுக்குள் இருக்கிறது. தாள்களை இன்று காலை பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.